தொப்பிக்காரனுக்கு மூன்று நாள்

பிப்ரவரி 3, திங்கள்

நாச்சிமுத்து இந்த வருஷம் ஆற்றங்கரை நடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மண்டியில் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, டீ வேண்டாம் என்று சொல்வதைப்போலச் சொன்னான்.

"முட்டி வலிக்குதுடா சென்னி. நீ மட்டும் போய்ட்டு வா."

"டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வயசாயிப்போச்சு."

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. எனக்கு வராத வயது அவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கொடுமுடியில் எங்கள் வாழைக்காய் மண்டி நிற்பதே அந்த நடையின் மேல்தான். முதல் இல்லாமல் இரண்டு சைக்கிளோடு ஆரம்பித்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து மாசி பிறந்ததும் ஒருநாள், ஊஞ்சலூரில் வெளிச்சம் வரும்போது இறங்கி, நொய்யல் வந்து காவிரியில் சேரும் இடம் வரைக்கும் கரையோடு நடப்போம். வழியில் இருக்கும் தோப்புகளைப் பார்த்து விலை பேசிக்கொண்டே போவோம். மற்ற வியாபாரிகள் காரில் வந்து ரோட்டோரம் நின்று பார்ப்பார்கள். ரோட்டோர வரிசைக்குத்தான் எல்லா விவசாயியும் எருவைக் கொட்டுவான். உண்மை பேசுவது ஆற்றோர வரிசைதான். காற்று முதலில் அடிப்பது அங்கே, தண்ணீர் தேங்குவது அங்கே.

தோப்புக்குள் போனால் நான் மேலே தாரைப் பார்ப்பேன், அவன் மரத்தடியில் தூரைப் பார்ப்பான். அப்புறம் துண்டைப் போட்டு அதற்கடியில் கை கொடுத்துக்கொள்வோம். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் தரகர்களிடம் பார்த்துக் கற்றது. எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை ஆயிரமோ லட்சமோ. எதிரே நிற்கும் விவசாயிக்குத் துண்டு அசைவது தெரியும், விலை தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்தத் துண்டுக்கடியில் வேறு ஒருத்தன் கை வந்ததில்லை.

முட்டி வலியாம்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் நாமக்கல் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிட்டு, கைகால் கழுவலாமென்று படித்துறைக்குப் போனேன். மூடுபனி. கரைத் தடத்தில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருத்தன் நாச்சிமுத்து. மற்றவன் அந்தத் தொப்பிக்காரன்.

தொப்பிக்காரன் பெயர் கிருபாகரன். மஸ்கட்டில் சம்பாதித்துவிட்டு வந்து ஆற்றோரம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறான். வெயில் வராத நேரத்திலும் தொப்பி, மண் தடத்துக்கு வெள்ளை ஷூ. வாழையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பழம் மஞ்சளாக இருக்கும் என்பதுதான்.

முட்டி வலிக்காரன் நன்றாகத்தான் நடந்தான். தொப்பிக்காரன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அவன் சொல்வதை எல்லாம் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டு நடந்தான். என் தோளில் அவன் கை போட்டு நடந்ததாக ஒரு நாள்கூட எனக்கு நினைவில்லை.

நான் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். ஏன் நகர்ந்தேன் என்று தெரியவில்லை. தப்பு செய்தவன் நானா அவனா?

பிப்ரவரி 6, வியாழன்

பூவன் தார் விலை ஏறியிருக்கிறது. நாச்சிமுத்துவிடம் சொல்லவில்லை. அவனே தெரிந்துகொள்ளட்டும்.

பிப்ரவரி 8, சனி

மண்டி வேலையிலும் அவனுக்கு இப்போது மனசு இல்லை. தராசு முள்ளை "நீயே பாத்துச் சொல்லுடா" என்கிறான். சில்லறை எண்ணச் சொன்னால் கல்லாவை என் பக்கம் தள்ளுகிறான். பொழுது சாய்ந்தால் போதும், மொபெட் மண்டியிலேயே கிடக்க, நடந்தே கிளம்பிவிடுகிறான். வாசலில் தொப்பி காத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து போகும்.

சாப்பிடும்போது ருக்மணியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரி எதையும் மூடி வைத்துப் பேசத் தெரியாதவள்.

"ஏனுங்க, அவருகிட்டயே ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நான் எதுக்குக் கேக்கோணும்? அவனுக்கா தோணோணும்."

"கட்டுன பொண்டாட்டி மேலகூட நீங்க இத்தன வெசனப்பட்டதில்ல. நான் ஒரு மாசம் அம்மா வூட்ல இருந்தப்பக்கூட நல்லாத் தூங்குனீங்க."

"அது வேற, இது வேற. இது தொழில்."

"ஆமாமா, தொழில்தான்" என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று கல்யாண மண்டபத்தில் நடந்ததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் பந்தி வாசலில் நிற்கிறேன். நாச்சிமுத்து எதிரே வருகிறான். கைக்கெட்டும் தூரம். என் முகத்தைப் பார்க்கிறான். நான் சிரித்தும்விட்டேன். ஒரு சலனம் இல்லை. அப்படியே தாண்டிப் போய்விட்டான். நாலு பேர் பார்த்தார்கள். மஞ்சள் வியாபாரி ஒருத்தன், "என்னங்ணா, கூட்டாளி கண்டுக்காமப் போறாரு?" என்று கேட்டே விட்டான்.

"அவசரமாப் போறான்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மண்டபத்து ஓரத்தில் தொப்பிக்காரனோடு உட்கார்ந்திருக்கிறான். தொப்பிக்காரன் இலையில் எது எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுகிறான். பொரியல் இங்கே, பச்சடி இங்கே என்று. மாப்பிள்ளைக்குக்கூட அந்த உபசாரம் இல்லை!

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மொய் மட்டும் எழுதினேன்.

பிப்ரவரி 12, புதன்

சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். நாச்சிமுத்து மண்டியில் தன் பங்கைக் கைமாற்றி விடப்போகிறானாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்ட ஒருத்தன் தயாராக இருக்கிறானே.

சரி. பிரிந்தால் பிரியட்டும். ஆனால் இந்த வருஷத்து நடையை நான் தனியாகவே நடந்து, நல்ல தோப்பை எல்லாம் விலை முடித்துவிட்டு, அப்புறம் உட்காரவைத்துப் பேசுவேன். நீ இல்லாமல் எனக்கு ஓடும் என்று காட்டிவிட்டுத்தான் பங்கைப் பிரிப்பேன். கடைசி முடிவு இதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

லாரி டிரைவருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் கிடைத்தான். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 15, சனி

நாளைக்கு நடக்கிறேன். ருக்மணி புளிச்சோறு கட்டித் தருவதாகச் சொன்னாள். "ரெண்டு பேருக்கா, ஒருத்தருக்கா?" என்று வேண்டுமென்றே கேட்டாள். துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். தனியாகப் போகிறவனுக்குத் துண்டு எதற்கு என்று அவள் கேட்பதற்குள் வெயிலுக்கு என்று நானே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று நடந்தேன். வந்ததும் எழுத முடியவில்லை. கால் இரண்டும் இன்னும் என்னுடையதாக இல்லை. மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஊஞ்சலூர் படித்துறையில் இறங்கியபோது ஆறு நீராவி விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் இழுத்துப் போய், நடு ஆற்றில் மணல்திட்டுகள் எழும்பியிருந்தன. கரைத் தடம் ஒற்றை ஆள் அகலம்தான். இடது கைப்பக்கம் ஆறு, வலது கைப்பக்கம் தோப்பு. எப்போதும் நாச்சிமுத்து முன்னால் போவான், நான் பின்னால். அவன் முதுகைப் பார்த்தே நடந்து பழகியதால் முன்னால் வெறும் தடமாகக் கிடப்பது என்னவோபோல் இருந்தது. சிலந்திவலை எல்லாம் என் முகத்தில்தான் அறுந்தது. இத்தனை வருஷமும் அவன் முகத்தில் அறுந்திருக்கிறது போலும்.

முதல் இரண்டு தோப்பு தேறவில்லை. மூன்றாவது ராமலிங்கத்தின் கதளித் தோப்பு. தார் ஒவ்வொன்றும் முட்டுக்கம்பை வளைத்துக்கொண்டு நின்றது. ஆற்றோர வரிசையும் அப்படியே. சீப்புக்குச் சீப்பு கனம். எனக்கு மனசுக்குள் விலை விழுந்துவிட்டது. துண்டை எடுத்துக் கையில் போட்டு வலது பக்கம் நீட்டினேன்.

ராமலிங்கம் ஒரு கணம் பார்த்தான். "யாருக்குங்ணா கை குடுக்கறீங்க?"

"வேர்வ தொடச்சேன்."

"கைல மட்டுமா வேர்க்குது?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே பேரத்தை இழுக்காமல் முடித்து முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு அவன் சொன்னான்:

"நாச்சிமுத்தண்ணன் போன வாரமே வந்திருந்தாருங்க. அந்தத் தொப்பிக்காரரும் கூட. அண்ணன் ஒவ்வொரு தாரா தடவித் தடவிப் பாத்தாரு. மரத்தக் கட்டிப் புடிச்சாரு. அப்பறம் ரெண்டு பேரும் துண்டப் போட்டு..."

"துண்டப் போட்டு?"

"கை குடுத்துக்கிட்டாங்கண்ணா. தொப்பிக்காரரு ஒரே சிரிப்பு. ஆனா வெல ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டாங்க."

அங்கிருந்து எப்படி நடந்தேன் என்று தெரியாது. மீன்கொத்தி பறந்தது, பரிசல் ஒன்று கவிழ்த்துப் போட்டிருந்தது, இதெல்லாம் பார்த்த ஞாபகம் இருக்கிறது. மனசு முழுக்க அந்தத் துண்டுதான். பங்கைக் கொடு, பணத்தைக் கொடு, தோளில் கைபோட்டுக்கொண்டு ஊரையே சுற்று. அந்தத் துண்டை எப்படிடா இன்னொருத்தனுக்கு விரிப்பாய்? என் வீட்டுக்காரி சொன்னது சரிதான். எந்தப் பெண்பிள்ளை விஷயத்திலும் எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

உச்சி வெயிலில் கொடுமுடி தாண்டினேன். ஊருக்குள் ஏறவே இல்லை. நொய்யல் போகும் பாதி வழியில், ஆறு கரையை அரித்து உள்ளே வளைந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கால் வழுக்கினால் நேரே பள்ளம். அந்த வளைவு முழுக்க மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தது. தடம் திரும்பும் இடங்களில் சுண்ணாம்பு அடித்த பெரிய கல். மேலே டீக்கடை வைத்திருக்கும் சின்னப்பொண்ணிடம் கேட்டேன்.

"இதென்ன புதுக் கூத்து? யாரு கட்டுனது?"

"உங்க கூட்டாளிக்காகத்தானுங்க. தொப்பிக்காரரு வந்து ஆள வெச்சுக் கட்டுனாரு. நாச்சிமுத்தண்ணன் அந்தக் கயித்தப் புடிச்சுட்டே போவாரு, வருவாரு. தெனமும் இதே வேலதான். ஒருநாளு தனியாவே போறேன்னு கோவிச்சுட்டுப் போயி கல்லுல முட்டிக்கிட்டாரு. ஏனுங்ணா, நீங்க வர்றதில்லையா?"

"எனக்கு மண்டில வேல இருக்குது."

"இத்தன வருசப் பழக்கத்த வெச்சுக்கிட்டு நீங்க வேலைன்னு சொல்றீங்க" என்று டம்ளரைத் தட்டி வைத்தாள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு ஏறவில்லை. வாக்கிங் போவதற்கு ஆற்றங்கரைக்குக் கயிறு கட்டுகிறான் பார், மஸ்கட் காசு பேசுகிறது என்றுதான் நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடியே எழுதுகிறேன்.

நிழல் நீள ஆரம்பித்தபோது நொய்யல் சேரும் இடம் தெரிந்தது. நாங்கள் எப்போதும் நடையை முடிக்கும் படித்துறை. அரசமரத்துக்கு மேலே ரோட்டில் ஒரு கார் நின்றது. தொப்பிக்காரன் கார். கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியை லேசாக உயர்த்தினான். கீழே படியைக் கையால் காட்டினான்.

நாச்சிமுத்து கடைசிப் படியில் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். ருக்மணி போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். அது அப்புறம் தெரிந்தது.

நான் அவனுக்கு இரண்டு படி மேலே வந்து நின்றேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக அடுக்கி வைத்திருந்தேன். அவன் திரும்பினான். நேராக என் முகத்தைப் பார்த்தான். வெயில் என் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மறைப்பு ஒன்றும் இல்லை.

"யாருங்க?" என்றான்.

என்னை அவன் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. சின்ன வயசிலும் இல்லை, காசு வந்த பிறகும் இல்லை.

மண்டபம், தராசு, கல்லா, மொபெட், இலையில் காட்டிய விரல், கயிறு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஒரு தோப்பை நுழைந்ததும் மதிப்புப் போடுகிறவன் நான். பக்கத்தில் இருந்தவனை இத்தனை நாள் பார்க்கத் தெரியவில்லை.

அவன் மூக்கை உறிஞ்சினான். "வாழப்பால் நாத்தம் அடிக்குது. சென்னிதானே? பதில் சொல்லித் தொலடா."

"நான்தான்." உட்கார்ந்தேன். "எத்தன நாளா?"

"ஆடியிலிருந்து, கொஞ்சங் கொஞ்சமா. இப்ப நிழலாட்டத் தெரியும். மொகம் தெரியாது. கோயமுத்தூர்ல காட்டினேன். நரம்பு போயிருச்சு, போனது திரும்பாதுன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மொதல்ல என்ன பண்ணியிருப்ப? நெசத்தச் சொல்லு."

யோசித்தேன். இவனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "கணக்குப் பாத்திருப்பேன்."

"அதான். நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். கண்ணு தெரியாத கூட்டாளிய எந்த வியாபாரி வெச்சுக்குவான்?"

"அந்தத் தொப்பிக்காரனுக்கு மட்டும் சொன்ன."

"அவன் எனக்கு யாருடா? வழியில போறவன். வழியில போறவன்கிட்டச் சொன்னா ஒண்ணும் கொறஞ்சு போகாது. உங்கிட்டச் சொன்னா நான் கொறஞ்சு போவேன்." தண்ணீரைக் காலால் கலக்கினான். "தடத்தக் காலுக்குப் பழக்கிட்டிருந்தேன். மாசி நடைக்கு எப்பவும்போல நான் முன்னால போவேன், நீ பின்னால வருவ, உனக்குத் தெரியாமயே முடிச்சுரலாம்னு நெனச்சேன். முடியல. கல்லுல முட்டிக்கிட்டேன். முட்டி வலின்னு சொன்னது முழுப்பொய் இல்ல."

இருவரும் ஆற்றைப் பார்த்தோம். நான் பார்த்தேன். அவனும் அந்தப் பக்கமே முகத்தை வைத்திருந்தான்.

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அவங்கூடத் துண்டுக்குள்ள கை போட்டியாமே?"

"ராமலிங்கம் சொன்னானா? ஆமா, போட்டேன். கத்துக்கறேன்னு ஒரே நச்சரிப்பு. ஒரு எழவும் புரியல அவனுக்கு. ஒரு தாருக்கு லாரி வெல சொல்றான்டா."

"லாரி வெலையா?"

"கூடவே சிரிப்பு வேற. கிச்சுக்கிச்சு மூட்டற மாதிரி இருக்குதாம்."

புளிச்சோற்றைப் பிரித்தேன். ருக்மணி இரண்டு பேருக்குத்தான் கட்டியிருந்தாள். காலையிலிருந்து கனத்த பைக்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "ராமலிங்கம் கதளிய முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன். நல்ல தாரு."

"தாரு நல்ல தாருதான். மரத்தத் தள்ளிப் பாத்தியா?"

நான் சோற்றை வாயில் வைத்தபடி மெல்வதை நிறுத்திவிட்டேன். தள்ளிப் பார்க்கவில்லை. மரத்தைத் தோளால் ஒரு தள்ளு தள்ளி, தூர் ஆடுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அவன் வேலை என்பதால் எனக்கு அந்த நினைப்பே வராது. நான் எப்போதும் அண்ணாந்துதான் நடந்திருக்கிறேன்.

"ஆத்தோர வரிச பூராவும் ஆடுது. கெழங்குல வண்டு ஏறிருச்சு. பங்குனிக் காத்துக்குப் பாதி சாஞ்சுரும். அதான் நான் வெல சொல்லாம வந்தேன்."

"அந்தப் பய ஒரு வார்த்த சொல்லலியே!"

"அவன் எதுக்குடா சொல்லுவான்? விக்கறவன்."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். போன முன்பணம் போனதுதான். அதை நினைத்து அந்த இடத்தில் ஏன் சிரிப்பு வந்தது என்று இப்போதும் விளங்கவில்லை.

கை கழுவிவிட்டு அவன் தன் தோளிலிருந்து துண்டை எடுத்து முழங்கால் மேல் விரித்தான். "சரி. வந்த வேலைய முடிக்கலாம். ஊரெல்லாம் பேசறது உன் காதுக்கும் வந்திருக்கும். எம்பங்க நீயே எடுத்துக்க. வேற எவனுக்கும் இல்ல. உள்ள கையக் குடுத்து வெலையச் சொல்லு. எறக்கிச் சொல்லாத, ஏத்தியும் சொல்லாத."

துண்டுக்கடியில் கையை விட்டேன். அவன் கை சில்லென்று இருந்தது, ஆற்றுத் தண்ணீரில் கழுவிய கை. எந்த விரலையும் பிடிக்காமல் வைத்திருந்தேன்.

"என்னடா, தூங்கிட்டியா?"

"பங்கு விக்கறதுக்கில்ல."

"விக்கறவன் நானு. விக்கறதுக்கில்லைன்னு சொல்ல நீ யாரு?"

"வாங்கறவன் நானு. எனக்கு வேண்டாம். மரத்தத் தள்ளிப் பாக்க எனக்கு வேற ஆளு இல்ல."

"அப்ப எதுக்குடா கைய உள்ள உட்ட?"

"காத்தால நடைக்கு. அத எத்தன நாளு அவனுக்குக் குடுத்திருக்க?"

அவனுடைய கட்டைவிரல் என் உள்ளங்கையில் ஒரு தடவை அழுத்தியது. அப்புறம் பேரம் ஆரம்பித்தது. நான் முழுக்கையையும் பிடித்து, விட்டு, இன்னும் இரண்டு விரலைப் பிடித்தேன். வாரம் ஏழும் எனக்கு. அவன் என் இரண்டு விரலைப் பிடித்தான். நான் ஐந்துக்கு வந்தேன். அவன் மூன்று. மறுபடியும் ஐந்து பிடித்தேன். "அவன் கயிறு கட்டுனவன்டா, அதயும் பாரு" என்று வாய்விட்டே சொன்னான். துண்டு போட்டால் வாய் பேசக்கூடாது என்பது எங்கள் சட்டம். சட்டத்தை மீறியது அவன். அதனால் ஒரு விரல் அவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன். விட்டுக்கொடுத்தான்.

படியேறும்போது என் தோளில் கையைப் போட்டான். தொப்பிக்காரன் காரிலிருந்து இறங்கி வந்தான். நான் அந்தத் தோளை அப்படியே வைத்துக்கொண்டு, "நாங்களே வந்துக்கறோம், நீங்க வண்டிய எடுங்க" என்றேன்.

பேசி முடிந்தது இதுதான். மண்டியில் லாபம் முன்போலவே பாதிக்குப் பாதி. தாருக்கு நான், தூருக்கு அவன். காலை நடை வாரத்தில் நான்கு நாள் எனக்கு, ஞாயிறு அதில் சேர்த்தி. மூன்று நாள் தொப்பிக்காரனுக்கு, அதிலும் துண்டு கிடையாது.